பட்டறைய மூடப்போற மாஸ்டர்கிட்ட பழைய லேத் வாங்குறது எப்படி

வயசாகி பட்டறைய மூடுற மாஸ்டர்கிட்ட லேத் (இரும்பு கடையுற மெஷின்) வாங்குறதுல ஒரு வசதி இருக்கு, மெஷினோட நோவு எல்லாம் அவருக்கு அத்துப்படி, அதனால புது பெயிண்ட்டப் பாத்து மயங்காம மொதல்ல அவரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, எந்த ஸ்பீடுல கியர் கத்துதுன்னு காதக் குடுத்துக் கேளுங்க.

அப்புறம் பெட், அதாவது மத்த பாகமெல்லாம் மேல உக்காந்திருக்குற நீளமான அடித்தளம். இதுதான் உயிர், மத்ததெல்லாம் மாத்திக்கலாம். பாதி வேலைக்கு மேல சக் (கடையுற பொருளப் பிடிச்சுச் சுத்துறது) பக்கத்துலயே நடக்குறதால அங்கதான் தேய்மானம் ஜாஸ்தி. டூலத் தாங்கி பெட் மேல நகர்ற சேடில, சக் இருக்குற முனையான ஹெட்ஸ்டாக் ஓரமா கொண்டுபோய், லேசா பிடிச்சு நகர்ற அளவுக்கு லாக்க இறுக்கிட்டு எதிர் முனையில இருக்குற டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டுங்க. போகப்போக டைட் ஆச்சுன்னா ஹெட்ஸ்டாக் பக்கம் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். கொஞ்சம்னா பரவால்ல, நடுவழியிலயே நின்னுட்டா விலைய நல்லா குறைச்சுக் கேளுங்க, இல்ல வந்துருங்க.

ஸ்பிண்டில (சக்கச் சுத்த வைக்கிற தண்டு) செக் பண்ண, மெஷின ஆஃப் பண்ணிட்டு, டயல் கேஜ் (சின்ன அசைவையும் முள்ளுல காட்டுற கருவி) முனைய ஸ்பிண்டில் மேல பட வெச்சு, சக்குல ஒரு தடிக் கம்பியப் பிடிச்சு மேல தூக்குங்க. முள்ளு தாராளமா ஆடுனா பேரிங் அட்ஜஸ்ட் பண்ணா போதுமா, மாத்தணுமான்னு அவருகிட்டயே கேளுங்க.

கட்டாயம் ஒரு கட் போட்டுப் பாருங்க. தடியான ராட, டெயில்ஸ்டாக் சப்போர்ட் இல்லாம, லேசா ஒரு தடவ கடைஞ்சு ரெண்டு முனையையும் மைக்ரோமீட்டர்ல அளங்க. அளவு மாறுனா உடனே பயப்படாதீங்க, லெவல் சரியில்லாம பெட் முறுக்கிட்டு இருந்தாலும் டேப்பர் (ஒரு முனை தடிச்சு மறுமுனை மெலியுறது) வரும், அது சரிபண்ணக்கூடியதுதான். டூலக் குறுக்க நகர்த்துற க்ராஸ் ஸ்லைடுல, கைப்பிடி கொஞ்சம் சும்மா சுத்துற பேக்லாஷுக்கெல்லாம் பேரத்த முறிக்காதீங்க.

ஸ்டெடி ரெஸ்ட் (நீளக் கம்பியத் தாங்குறது), சேஞ்ச் கியர் (மரை வெட்டுறப்ப மாத்துற கியர்), ரிவர்ஸ் ஜா (பெரிய பொருளப் பிடிக்க சக்குல மாட்டுறது) எல்லாம் மூலையில கெடக்கும், சேத்து அள்ளிட்டு வாங்க, தனியா தேடுனா அதே மாடலுக்கு லேசுல சிக்காது.