வன்னிக்கு ஒரு குடும்ப ஜீப்: புதிதா, பாவித்ததா?

எங்கள் பக்கத்தில் எஸ்யூவி என்று யாரும் சொல்வதில்லை. தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நின்றால் அது ஜீப். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

போன வருடம் எட்டு மாதம் அலைந்து ஒரு ஜீப் வாங்கினேன். நாலு மாதம் தேடியதில் போனது. மற்ற நாலு மாதம், வாங்கி வளவுக்குள் நிறுத்திய வாகனத்தை என் பெயருக்கு மாற்றுவதில் போனது. அந்தக் கதை 5ஆம் படியில் வருகிறது. அவசரமானவர்கள் மற்றதை விட்டாலும் அதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

லீசிங் எடுப்பது எப்படி, காப்புறுதி எது நல்லது என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

படி 1: உங்கள் ஒழுங்கையை அளவுங்கள்

விளம்பரம் பார்க்கத் தொடங்கும் முன், வீட்டிலிருந்து தார் வீதிக்கு ஏறும் பாதையை மாரியில் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்களுக்கு ஒட்டுசுட்டான் பக்கம். ஏ34 வீதிக்கு மூன்று கிலோமீற்றர், அத்தனையும் கிரவல். நடுவில் ஒரு வாய்க்கால் மதகு. மழை பெய்தால் அதன் இரண்டு பக்கமும் மண் கரைந்து படிக்கட்டு மாதிரி நிற்கும். ஏ9இல் எந்தக் காரும் ஓடும். என் வாகனத்தைத் தீர்மானித்தது இந்த மூன்று கிலோமீற்றர்.

பிள்ளையின் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கள். வாகனத்தின் அடியில் ஆகத் தாழ்ந்த இடத்தையும் முன் பம்பரின் கீழ் விளிம்பையும் அளவுங்கள். கம்பனி தாளில் போடும் உயரம் ஆள் ஏறாத வாகனத்துக்கு. டொயோட்டா ரைஸ் தாளில் 185 மில்லிமீற்றர். முதல் தலைமுறை ஹொண்டா வெசல் முன் சில்லு இழுவையில் 185, நாலு சில்லு இழுவையில் 170. ஃபோர் வீல் என்று கூடுதல் காசு கொடுத்தால் உயரம் குறைகிறது, பாருங்கள்! நிசான் எக்ஸ்-ட்ரெயில் டி32 பெற்றோல் 205. நாங்கள் ஐந்து பேரும் ஏறி, பின்னால் ஒரு மூட்டை அரிசியும் போட்டுப் பார்த்தபோது பின்பக்கம் நாலு சென்ரிமீற்றர் இறங்கியது. அந்த நாலைக் கழித்துவிட்டுத்தான் மதகை யோசிக்க வேண்டும்.

உயரம் கூடினால் நல்லது என்று மொன்டெரோ, பிராடோ பக்கம் போகிறவர்கள் வீட்டில் உள்ள வயதானவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் அம்மா மொன்டெரோவின் கதவைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு ஏணி தருவினமோ?" என்று விற்கிறவரிடமே கேட்டுவிட்டார். அன்றைக்கே அது பட்டியலிலிருந்து போனது.

நாலு சில்லு இழுவை வேண்டுமா? கடற்கரை மணலிலும் வயல் சேற்றிலும் தினமும் இறங்குகிறவருக்கு வேண்டும். மற்றவர்களுக்கு நல்ல டயர் போதும். வட்டுவாகல் பாலத்துக்கு மேலாகத் தண்ணீர் ஓடும்போது எந்த இழுவையும் காப்பாற்றாது.

படி 2: புதிதா, பாவித்ததா

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது. அதனால் சந்தையில் ஐந்து வருட ஓட்டை ஒன்று இருக்கிறது. உள்ளூரில் பாவித்தது என்று வருவதில் பெரும்பகுதி 2019க்கு முந்தியது. புதிது என்று வருவது வரியோடு சேர்த்து மூச்சு முட்டும் விலை. இரண்டுக்கும் நடுவில் ரீகண்டிஷன், அதாவது யப்பானில் ஓடி இங்கே முதல்முறை பதிவாகிறது.

ரீகண்டிஷனுக்கு ஒக்ஷன் ஷீட்டை, அதாவது யப்பான் ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதும் தாளை, கேட்காமல் வாய் திறக்காதீர்கள். 4, 4.5 என்று தரம் போட்டிருக்கும். ஆர் என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. தாளில் உள்ள வாகனப் படத்தில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டி நிமிர்த்திய இடம். தாளில் உள்ள செசி இலக்கம் வாகனத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, பதிவு ஆண்டும் உற்பத்தி ஆண்டும் வேறு வேறு. '2018 வெசல்' என்று போட்டிருப்பார்கள். பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் உற்பத்தி 2015 என்று இருக்கும்.

புத்தம் புதிதை வாங்கக் காசு இருந்தாலும் தூரத்தைக் கணக்குப் பாருங்கள். உத்தரவாதம் நிலைக்க வேண்டும் என்றால் முகவரின் இடத்தில்தான் சேர்விஸ் செய்ய வேண்டும். முல்லைத்தீவில் இருப்பவர் யாழ்ப்பாணம் போய்வர இருநூறு கிலோமீற்றருக்கு மேல், ஒரு நாள் லீவும் போகும். கிளிநொச்சி, வவுனியா நகரில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு கஷ்டம் இல்லை.

படி 3: மெக்கானிக்கை முதலில் தெரிவு செய்யுங்கள், வாகனத்தைப் பிறகு

தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் மொறிஸ் மைனர் காரையும் ஒஸ்ரின் ஏ40 காரையும் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கைகள் எங்கள் கராச்சுகளில் இன்னும் இருக்கின்றன. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கைகளுக்குத் தெரியாத இரும்பு வேலை இல்லை. ஆனால் ஹைபிரிட் இன்வேர்ட்டரைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தால் பாவம், கைவிரிப்பார்கள்.

அதனால் வாங்கப் போகிற மொடலின் பெயரைச் சொல்லி, "அண்ணை, இது நின்றால் நீங்கள் பார்ப்பீர்களோ?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால் அந்த மொடல் வேண்டாம்.

என் சொந்த விருப்பு வெறுப்பு: பழைய வெசல் ஹைபிரிட்டில் 7 கியர் இரட்டைக் கிளச் உள்ளது, எண்ணெயில் ஊறாத காய்ந்த கிளச் வகை. அது ஒரே சீராக ஓடும் வீதிக்குச் சுகம். குழி குழியாக ஊர்ந்து போகும் கிரவலில் கிளச் சூடாகும். வெளிவந்த ஆரம்பத்தில் இந்தக் கியர்பொக்சுக்காக ஹொண்டாவே பல தடவை வாகனங்களைத் திருப்பி அழைத்தது. டொயோட்டா ஹைபிரிட் நம்பகமானது, ஆனால் பெற்றியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கையோரத்துத் துவாரத்தால் உள்ளே போகிறது. எங்கள் சிவப்புத் தூசி அந்தத் துவாரத்தை ஒரு கோடையிலேயே அடைத்துவிடும். வாங்கினால் அதைக் கழற்றித் துடைக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான் எடுத்தது 2016 சுசுகி விட்டாரா. 1.6 பெற்றோல், சாதாரண 6 கியர் ஓட்டோ. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கராச்சில் எல்லோருக்கும் புரிகிறது, அதுதான் காரணம்.

மின்சார ஜீப்? வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நல்லது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 330 கிலோமீற்றர் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 4: காலையில் போங்கள், சொல்லாமல் முந்திப் போங்கள்

எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு நில்லுங்கள். நான் பார்த்த மூன்றாவது வாகனத்தில் என்னோடு வந்த மெக்கானிக் அண்ணை பொனற்றைத் தொட்டார். "தம்பி, சுடுது பார். எங்களுக்கு முதலே ஆரோ ஓடிப் போட்டினம்" என்றார். குளிர்ந்த என்ஜினில்தான் சத்தமும் நீலப் புகையும் தெரியும். சூடாக்கிவிட்டால் பாதி நோய் ஒளிந்துகொள்ளும்.

கொண்டுபோக வேண்டியவை: உரப்பை ஒன்று, படுத்து அடியில் பார்க்க. நல்ல ரோர்ச். துணியில் சுற்றிய காந்தம், புட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது (பிளாஸ்ரிக் பாகத்திலும் ஒட்டாது, ஏமாறாதீர்கள்). ஓபிடி வாசிப்பான், அதாவது வாகனக் கணினியில் பதிந்த பிழைகளைக் காட்டும் கருவி, போனோடு புளூடூத்தில் இணைவது. பெயின்ற் தடிப்பு அளக்கும் கருவி வாங்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். ஒரு வாகனம் வாங்குகிறவருக்கு அது வீண் செலவு.

ஓபிடியில் பிழை எதுவும் காட்டாவிட்டால் சந்தோசப்பட வேண்டாம். உள்ளே சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். எல்லாமே 'முடியவில்லை' என்று நின்றால், நீங்கள் வரும் முன் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பெற்றியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

அடியில் படுத்ததும் துருவைப் பாருங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் நின்ற வாகனம் மேலே பளபளக்கும், அடியில் உரிந்து விழும். படகு இழுத்த ஜீப் என்றால் பின் கொழுக்கி சொல்லிவிடும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை. மீற்றர் 40,000 காட்ட, பிறேக் மிதியின் றப்பர் மொட்டையாக இருந்தால் மீற்றர் பொய்.

பிறகு ஓடிப் பாருங்கள். தார் வீதியில் பத்து நிமிடம் போதும், கிரவலில் அரை மணி நேரம். ஏசியைப் போட்டு, பின் இருக்கையில் நீங்களே இருந்து பாருங்கள், சித்திரை வெயிலில் பின்னால் இருப்பவர்தான் அவிவார்.

படி 5: புத்தகம்

நான் விழுந்த இடம் இது.

எனக்கு விற்றவர் வவுனியாப் பக்கத்தவர், நல்ல மனிதர், தேநீரெல்லாம் தந்தார். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் அவருடையது இல்லை. "ஓப்பின் பேப்பர் இருக்கு, பிரச்சினை இல்லை" என்றார். அதாவது, முதல் உரிமையாளர் பெயர் மாற்றப் படிவத்தில் திகதி போடாமல் கையெழுத்து வைத்து, அடையாள அட்டைப் பிரதியோடு கொடுத்துவிட்டார். நடுவில் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே ஓடி, இப்போது எனக்கு விற்கிறார். ஊரில் எல்லோரும் இப்படித்தானே வாங்குகிறார்கள் என்று முழுக் காசையும் கொடுத்தேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. படிவத்தில் இருந்த கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை. முதல் உரிமையாளரைத் தேடினால் ஆள் மத்திய கிழக்கில் வேலையில். விற்றவரோ, "நான் தந்த பேப்பர் சரிதானே" என்று நின்றுகொண்டார். அதற்குள் வரி அனுமதிப்பத்திரம் முடிந்தது. காப்புறுதிக்காரரும் முதலில் கேட்டது புத்தகத்தில் யார் பெயர் என்றுதான். வாகனத்தைத் தறப்பாளால் மூடி மாமரத்தின் கீழ் விட்டுவிட்டு, பழைய மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன். முதல் உரிமையாளர் நாலு மாதம் கழித்து லீவில் வந்தார். அவருடைய ஊருக்குப் போய், முன்னால் இருந்து கையெழுத்து வாங்கினேன். அவர் என் மீது ஒரு குறையும் வைக்கவில்லை. "இதை எப்பவோ மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன்" என்றார். வீதியில் நான் யாரையாவது மோதியிருந்தால் அவரைத்தான் தேடிப் போயிருப்பார்கள் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

இப்போது யார் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்கிறேன். வாகன இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். என்ஜின் இலக்கம், உற்பத்தி ஆண்டு, அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) யார் என்பது வரும். அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயர் நீக்கப்படவில்லை. விடுவிப்புக் கடிதம் கையில் வராமல் முற்பணமும் கொடுக்காதீர்கள். பிறகு செசி, என்ஜின் இலக்கங்களை வாகனத்தில் நீங்களே பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்; போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் வெட்டி ஒட்டியது தெரியும். புத்தகத்தில் உள்ளவர் அடையாள அட்டையோடு நேரில் வந்து, உங்கள் கண் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். காசில் ஒரு பகுதியைப் பெயர் மாறும் வரை பிடித்து வையுங்கள், அதை ஒரு துண்டில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். விற்கிறவர் இதற்குக் கோபித்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

பின்சேர்க்கை 1

புத்தகத்தில் உள்ளவர் இறந்துவிட்டார், ஆனால் உயிரோடு இருக்கும்போது கையெழுத்து வைத்த படிவம் இருக்கிறது, வாங்கலாமா என்று மல்லாவியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வாங்காதீர்கள். வாரிசுகள் முதலில் சட்டப்படி தங்கள் பெயருக்கு எடுக்கட்டும், பிறகு பேசலாம். விலை குறைவாக இருப்பதே அந்தச் சிக்கலுக்காகத்தான்.

பின்சேர்க்கை 2

வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவ, வெல்லம்பிட்டியில் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுக்க அடித்தது. அப்படி நீரில் நின்ற வாகனங்களில் ஒரு பகுதி கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும்.

இருக்கைப் பட்டியை முடிவு வரை இழுங்கள். எங்கள் தூசி பட்டியின் வெளிப்பகுதியில் மெல்லிதாகப் படிந்திருக்கும், அது சாதாரணம். சுருளுக்குள் இருந்த பகுதியில் வண்டல் கோடு இருந்தால் தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது. ஸ்பெயார் சில்லைத் தூக்கி அடிக் குழியைத் தடவுங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள ஆணிகளில் துரு, முன் விளக்குக்குள் ஈரம், மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம். கடைசியில் சொன்னது எனக்கு ஆகச் சந்தேகம் தருவது. வாகனத்துக்குள் மல்லிகை மணத்தால் நான் திரும்பி வந்தது இரண்டு தடவை.