ஸ்கெட்சைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் நேரும் தவறுகள்

கேட் (CAD, கணினியில் பொருள்களை வரைந்து வடிவமைக்கும் முறை) புதிதாகப் பழகுபவர் ஸ்கெட்ச், அதாவது தட்டையான கோட்டு வரைபடம், போடுகிறார். கோடுகள் நீலமாகவே, அதாவது முழுமையாக வரையறுக்கப்படாமலே, நிற்கின்றன. எந்த டைமென்ஷன் (அளவு) விடுபட்டது என்று பிடிபடவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஃபிக்ஸ் (இருக்கும் இடத்திலேயே பூட்டும் கட்டளை) கொடுத்துவிடுகிறார். சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் செவ்வகம் உடனே கறுப்பாகிவிடும் (முழுமையாக வரையறுக்கப்பட்டதன் நிறம்), வேலை முடிந்ததுபோல் தோன்றும். 120 மி.மீ. தகட்டை 140 ஆக்கச் சொல்லும் நாளில்தான் சிக்கல் தெரியும். அப்போது டைமென்ஷன் வைத்தால் அதை ‘டிரிவன்’ ஆக்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். அந்த எண் நீளத்தைக் காட்டுமே தவிர, மாற்றாது.

செவ்வகத்துக்கு ஃபிக்ஸே வேண்டாம். ஒரு மூலையை ஆரிஜினோடு (வரைபடத்தின் தொடக்கப் புள்ளி) கோஇன்சிடென்ட் ஆக்குங்கள், அதாவது அதன்மேல் பொருத்துங்கள். மீதியைக் கிடைமட்டம், செங்குத்து, இரண்டு டைமென்ஷன் பார்த்துக்கொள்ளும். எது விடுபட்டது என்று தெரியாவிட்டால் நீலப் புள்ளியை மவுஸால் இழுங்கள். அது நகரும் திசையில்தான் அளவு விடுபட்டிருக்கிறது.

சாலிட்வொர்க்ஸில் தனிக்கோட்டுக்கு ஃபிக்ஸ் கொடுத்தால் அதன் முனைகளும் நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கோடு அசையாது, முனைகள் அதே கோட்டின்மேல் வழுக்கும், நீளம் மாறும். வில்லுக்கும் இதே கதை.

நிறத்தை ஒரு மென்பொருளில் படித்துக்கொண்டு இன்னொன்றில் நம்புவதும் ஆபத்து. ஃப்யூஷன், ஃப்ரீகேட் என்ற வேறு இரண்டு கேட் மென்பொருள்களைப் பாருங்கள். ஃப்யூஷனில் பச்சை என்றால் ஃபிக்ஸ் செய்தது. ஃப்ரீகேடில் பச்சை என்றால் முழுமையாக வரையறுக்கப்பட்டது. ஃப்ரீகேடில் லாக் வேறு, பிளாக் வேறு: லாக் ஒரு புள்ளிக்கு ஆரிஜினிலிருந்து இரண்டு தூரங்களைக் கொடுக்கும், அவற்றைப் பிறகு மாற்றலாம், பிளாக் கோட்டை இருந்த இடத்திலேயே உறையவைக்கும்.

திறப்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஃப்யூஷனுக்குள் எஸ்விஜி (SVG, கோடுகளாலான படக் கோப்பு) கொண்டுவந்தால் கோடுகள் பச்சையாக, பூட்டியபடியே வரும். மொத்தத்தையும் ஒரே சொடுக்கில் திறந்தால் ஒன்றோடொன்று பிணைப்பில்லாத கோடுகள் உங்கள் கையில் இருக்கும். தவறி ஒன்றை இழுத்தால் உருவமே கோணலாகிவிடும். முதலில் அளவுவிகிதம் சரியா என்று அளந்து பாருங்கள். பிறகு, மாற்ற வேண்டிய கோட்டை மட்டும் திறந்து, பக்கத்துக் கோட்டோடு இணைத்து, டைமென்ஷன் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஃப்யூஷனில் ஊதாக் கோடு நகரவில்லையென்றால் அங்கே தேட வேண்டியது பூட்டு அல்ல. அது பொருளின் வேறு முகத்திலிருந்து புரொஜெக்ட் செய்த, அதாவது தொடர்போடு பிரதியெடுத்த, கோடு. மூலத்தை மாற்றினால் தானே மாறும். ‘பிரேக் லிங்க்’ கொடுத்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.