குறிசுடுதலுக்கு .22 பிஸ்டல் தேர்ந்தெடுப்பது எப்படி: இரண்டாவது முறை நான் செய்தது

என் முதல் .22 பிஸ்டல் (0.22 அங்குலச் சிறு தோட்டா சுடுவது) ஒன்றரை வருடம் என்னிடம் இருந்தது. அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெட்டிக்குள் வந்த டெஸ்ட் டார்கெட்டில் (தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த இலக்குத் தாளில்) ஐந்து தோட்டாவும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே ஓட்டையாக இருந்தது. நான் சுட்டால் மட்டும் எட்டு மணித் திசையில், அதாவது இடப்பக்கம் கீழே, போய் விழும். ரியர் சைட்டை (குறிபார்க்கும் பின்பக்கப் பள்ளத்தை) வலப்பக்கம் திருகினேன். ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் மறுபடி எட்டு மணி. அதை விற்றுவிட்டு இரண்டாவதை எடுக்கும்போதுதான் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விளங்கியது. அந்த வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன்.

லைசென்ஸ், பாதுகாப்புப் பயிற்சி, ரேஞ்சில் உறுப்பினர் சேர்க்கை எல்லாம் முடிந்தவர்களுக்கான பதிவு இது. அவை முடியாதவர்கள் முதலில் அங்கே போங்கள். கிளப் பிஸ்டலில் சில மாதமாவது சுடாமல் சொந்தமாக வாங்க வேண்டாம் என்பது என் பிடிவாதமான கருத்து.

1. எந்தப் போட்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அரைத்தானியங்கி, அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் பிஸ்டல், ஏன் வேண்டும்? ஒவ்வொரு முறையும் கையால் லோடு செய்ய நேரம் இல்லாத போட்டிகள் இருப்பதால்தான். 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டலில் ஐந்து தோட்டாவை முதலில் 150 விநாடியில் சுட வேண்டும், பிறகு 20 விநாடியில், கடைசியில் 10 விநாடியில். ரேபிட் ஃபயரில் ஐந்து இலக்குக்கு ஐந்து தோட்டா, 8 விநாடி, 6, கடைசியில் 4. நிதானமாகச் சுடுவது மட்டும்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போதும். செலவும் குறைவு, கற்பதும் வேகம்.

சர்வதேச விதிப்படி 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு எல்லை இது: குழல் 153 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, எடை 1400 கிராமைத் தாண்டக் கூடாது, முழுப் பிஸ்டலும் 300 x 150 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், ட்ரிகர் 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. குழல் நீண்டால் துல்லியம் கூடும் என்று நினைத்து நான் முதலில் வாங்கியது ஏழு அங்குலக் குழல். கணக்குப் போட்டால் 178 மில்லிமீட்டர். பயிற்சியில் ஜோராக இருந்தது. போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோதுதான் அது செல்லாது என்று தெரிந்தது.

2. குழல் அசையக் கூடாது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். .22 குறிசுடும் பிஸ்டல்கள் பெரும்பாலும் புளோபேக் வகை. குழல் சட்டத்தில் இறுகப் பொருந்தியிருக்கும், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் மட்டும் பின்னால் போய் வரும். பெரும்பாலான 9 எம்எம் பிஸ்டல்களில் ஒவ்வொரு சுடுதலுக்கும் குழல் சற்றுச் சாய்ந்து, மேலே நகரும் ஸ்லைடோடு பின்னால் போய், மறுபடி பழைய இடத்துக்கே வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். மயிரிழை விலகி உட்கார்ந்தாலும் இலக்கில் தெரியும். அப்படியும் துல்லியமான 9 எம்எம் உண்டு. 1949-ல் ஸ்விஸ் ராணுவம் எடுத்துக்கொண்ட சிக் பி210 அதற்குப் பேர் போனது. ஆனால் ஆரம்பத்தில் .22 தான். தோட்டா விலை ஒரு காரணம். பின்னுதைப்பு குறைவாக இருப்பதால் உங்கள் தவறு உங்களுக்கே தெரியும் என்பது இன்னொரு காரணம்.

25 மீட்டர் பிரிசிஷன் இலக்கில் பத்து வளையம் 50 மில்லிமீட்டர் விட்டம். உருப்படியான குறிசுடும் பிஸ்டலை மணல்மூட்டையில் வைத்துச் சுட்டால் அந்த வளையத்துக்குள் குரூப் (தோட்டாக்கள் விழுந்த கூட்டம்) அடங்கிவிடும். எனவே இந்த ரகத்தில் "எது அதிகத் துல்லியம்" என்று டெஸ்ட் டார்கெட்டுகளை ஒப்பிட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பிஸ்டலுக்குத் தெரிந்த துல்லியம் உங்கள் கையைத் தாண்டி இலக்குக்குப் போகிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி.

3. ஒரு சின்னக் கணக்கு

சைட் இடைவெளி 220 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரியர் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து ஃப்ரண்ட் சைட் 0.2 மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் தோட்டா 23 மில்லிமீட்டர் தள்ளி விழும். பத்து வளையத்தின் விளிம்புக்கே போயாயிற்று. ஆனால் இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால் தோட்டாவும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளும்.

கை ஆடுவது எல்லாருக்கும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். கோணம் மாறுவதுதான் ஆளைக் கவிழ்க்கும். அந்தக் கோணத்தைக் கெடுப்பவை இரண்டு: கைக்குப் பொருந்தாத கிரிப், கரடுமுரடான ட்ரிகர்.

4. கிரிப்: நான் வழுக்கி விழுந்த இடம்

எட்டு மணிக் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் கோச் என் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மி தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். மூன்றாவது முறை ட்ரிகரை இழுத்தபோது சத்தம் இல்லை. பிஸ்டலின் மூக்கு மட்டும் படக்கென்று இடப்பக்கம் குனிந்தது. "சைட்டைத் திருகினது போதும் தம்பி, விரலைக் காட்டு" என்றார்.

என் கை சிறியது. கிரிப்போ பெரிய அளவு. உள்ளங்கை கிரிப்பைச் சுற்றி வருவதற்குள் ஆள்காட்டி விரலின் நீளம் தீர்ந்துபோய், நுனி மட்டும் ட்ரிகரைத் தொட்டது. நுனியால் இழுக்கும்போது விரல் நேர் பின்னால் வராது, சாய்வாக இடப்பக்கம் தள்ளும். நல்ல நாளில் தள்ளல் குறைவு, களைத்த நாளில் அதிகம். ரியர் சைட்டைத் திருகி இதைச் சரிசெய்யப் பார்த்தது என் முட்டாள்தனம்.

கடையிலோ கிளப்பிலோ பிஸ்டலைக் கையில் எடுத்ததும் (காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்த்துவிட்டு) இப்படிச் சோதியுங்கள்.

இடது கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டையை கிரிப்பின் மேல்வளைவில் நன்றாக ஏற்றி உட்காரவையுங்கள். எவ்வளவு உயரத்தில் கை உட்காருகிறதோ அவ்வளவுக்குப் பின்னுதைப்பு நேராக வரும். பிறகு மற்ற விரல்களை மூடுங்கள். இப்போது ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள சதைப்பகுதி ட்ரிகரில் படிய வேண்டும். அந்த விரலின் அடிப்பக்கம் கிரிப் மரத்தை உரசக் கூடாது. நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளியாவது வேண்டும். உரசினால் ட்ரிகரை இழுக்கும்போதெல்லாம் கிரிப்பையும் தள்ளுவீர்கள்.

அடுத்தது கண்ணை மூடும் சோதனை. பாதுகாப்பான திசையில் பக்கவாட்டில் நின்று, பிஸ்டலைத் தூக்கி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஃப்ரண்ட் சைட் பள்ளத்தின் நடுவில் இருந்தால் கிரிப் பொருந்துகிறது. எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கிரிப் உங்கள் மணிக்கட்டைத் திருப்புகிறது. எப்போதும் மேலே துருத்தினால் கிரிப்பின் சாய்வு உங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். பத்து முறை செய்யுங்கள், நடுவில் கையை இறக்குங்கள். "மணிக்கட்டைக் கொஞ்சம் வளைத்தால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். அறுபது தோட்டா சுடும் வரை வளைத்தே வைத்திருக்க மணிக்கட்டால் முடியாது.

முழுமையாகப் பொருந்தும் கிரிப் யாருக்கும் பெட்டியிலிருந்து வராது. சிறிய அளவு வாங்கி, தேவையான இடத்தில் இரண்டு பொருளைக் கலந்து பூசும் மரப்புட்டி வைத்து நிரப்புவது என் வழி. பெரியதை வாங்கிச் செதுக்குவோரும் உண்டு, ஆனால் செதுக்கிய மரம் திரும்ப வராது. எங்கே நிரப்புவது என்று தெரிய, உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிக் கிரிப்பைப் பிடித்துப் பாருங்கள். தூள் ஒட்டாத இடம்தான் இடைவெளி. என் கிரிப்பில் அது கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு. அதை நிரப்பி, ட்ரிகர் நாக்கை அதன் தண்டவாளத்தில் நான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ளினேன். எட்டு மணி நோய் இரண்டு வாரத்தில் போனது. அடியிலுள்ள உள்ளங்கைத் தாங்கியை இறுக்கமாக ஏற்றிவைக்காதீர்கள். கை வியர்த்துச் சற்று உப்பும், அதற்கும் இடம் வேண்டும்.

இடது கைக்காரர்களே, வலது கை கிரிப்போடு சமாளிக்காதீர்கள். இடது கை கிரிப் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஹங்கேரியின் காரோய் டாகாச் 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கையை இழந்தார். இடது கையால் பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் ரேபிட் ஃபயர் தங்கம் வாங்கினார். கை மாறினாலும் கற்றுக்கொள்ளலாம், மாற்றுக் கைக்கான கிரிப்பில் கற்க முடியாது.

5. ட்ரிகர்

இரண்டு கட்ட ட்ரிகர் எடுங்கள். முதல் கட்டத்தில் விரல் எடையை ஏற்றிக்கொண்டு ஒரு சுவரில் முட்டி நிற்கும், மிச்சம் கொஞ்சம் அழுத்தினால் உடையும். என்னுடையதில் முதல் கட்டம் சுமார் 750 கிராம், மிச்சம் இரண்டாவதற்கு. உடைந்தபின் ட்ரிகர் மேலும் பின்னால் ஓடாமல் நிறுத்தும் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1000 கிராம் விதி என்றால் சரியாக 1000-ல் வைக்காதீர்கள். சோதனையில் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். ஸ்பிரிங் நாளடைவில் தளரும். என் முதல் போட்டியில் எடை தரையை விட்டு எழுவதற்குள் டக் என்று விழுந்தது. வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்க, ஆலன் கீயைத் தேடிப் பைக்குள் துழாவினேன். இப்போது 1040-ல் வைக்கிறேன்.

6. சைட், தோட்டா

சைட்டில் ஒன்றுதான் கவனிக்க வேண்டும்: ஃப்ரண்ட் சைட்டின் இரு பக்கமும் வெளிச்சக் கீற்று தாராளமாகத் தெரிய வேண்டும். கீற்று மெல்லியதாக இருந்தால் கண் களைத்துவிடும். பள்ளத்தின் அகலத்தை மாற்றும் வசதி இருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) சர்வதேசப் போட்டிகளில் செல்லாது. அமெரிக்க புல்ஸ்ஐ போட்டியில் செல்லும்.

தோட்டாவில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி மட்டும். வேகம் ஒலிவேகத்துக்குக் கீழே இருக்கும், பிஸ்டலின் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் அதற்கே அளந்திருக்கும். ஹை வெலாசிட்டி போட்டுப் போல்டை அடித்து நொறுக்க வேண்டாம். நாலைந்து பிராண்டில் ஒரு பெட்டி வீதம் வாங்கி, மணல்மூட்டைமேல் கையை வைத்து (குழலை அல்ல) ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டா எந்தக் குழலுக்குப் பிடிக்கும் என்று சுட்டால்தான் தெரியும். குரூப் சற்றுப் பெரிதாக இருந்தாலும் ஐம்பதில் ஒன்றுகூடச் சிக்காத தோட்டாவைத்தான் நான் எடுப்பேன். நான்கு விநாடிச் சுற்றில் காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) வெளியேறும் வாசலில் செருகி நின்றால் அந்த அழகான குரூப் எதற்கு?

என் விருப்பப் பட்டியல்

பழக மட்டும் என்றால் ரூகர் மார்க் 4 அல்லது பிரவுனிங் பக் மார்க். முன்னது 2016-ல் வந்தது, ஒரு பட்டனை அழுத்தினால் பிரிந்துவிடும், துடைப்பது சுலபம். போட்டிக்கு என்றால் நல்ல நிலையிலுள்ள பழைய வால்தர் ஜிஎஸ்பி அல்லது ஹேமர்லி 208, ஸ்பிரிங் மாற்றிக்கொண்டால் பல வருடம் ஓடும். புதிது வாங்க முடிந்தால் பர்டினி எஸ்பி. குழல் கைக்கு மேலே தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் சுட்டபின் சைட் சீக்கிரம் திரும்பி வரும். எதுவானாலும் உங்கள் கிளப்பில் நாலு பேர் வைத்திருக்கும் மாடலுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஸ்பிரிங் ஒடிந்த அன்று அவர்கள்தான் உதவுவார்கள்.

பின்சேர்க்கை 1: "பாரிஸில் ஒரு துருக்கிக்காரர் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வாங்கினாரே, இத்தனை பார்க்க வேண்டுமா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அந்த யூசுஃப் டிகெச் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வாங்கியது ஏர் பிஸ்டல் கலப்பு அணியில். பாக்கெட்டில் கை பலரும்தான் விடுகிறார்கள், தோள் ஆடாமல் இருக்க. அவர் வேண்டாம் என்று விட்டது கண்மறைப்பையும் லென்ஸையும். பிஸ்டல் முறையான போட்டிப் பிஸ்டல்தான்.

பின்சேர்க்கை 2: கண்ணை மூடும் சோதனையில் சைட் நேராக இருந்தும் இலக்கில் எல்லாம் பக்கவாட்டில் விழுகிறது என்று ஒருவர் எழுதினார். கேட்டுப் பார்த்ததில் அவர் வலக்கைக்காரர், ஆதிக்கக் கண் இடது. இரண்டு கண்ணையும் திறந்து தூரத்திலுள்ள ஒரு பொருளை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினால் விரல் தாவுகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். அவர் இடக் கண்ணாடிமேல் ஒரு மங்கலான பிளாஸ்டிக் துண்டை ஒட்டினார், பிஸ்டலை மாற்றவில்லை.

பின்சேர்க்கை 3: காலியாக ட்ரிகர் இழுத்துப் பழகலாமா? பழக வேண்டும், தினமும். ஆனால் .22-ல் ஊசி தோட்டாவின் விளிம்பில்தான் குத்தும், தோட்டா இல்லாவிட்டால் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) விளிம்பில் போய்க் குத்தலாம். உங்கள் மாடலில் தனி டிரை ஃபயர் அமைப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் டம்மி போட்டுப் பழகுங்கள். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.