பெற்றோரை இழந்த பிள்ளைக்கு ஊர்த் திருச்சபை என்ன செய்யலாம்

அப்பா அம்மா இருவரும் போய்விட்டால், பிள்ளையை உடனே வெளியூர் இல்லத்தில் சேர்த்துவிடச் சபைகள் அவசரப்படுகின்றன. தயவுசெய்து பொறுங்கள். முதலில் பாட்டி, சித்தி, தாய்மாமா என்று யாராவது வைத்து வளர்ப்பார்களா என்று வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் மனசு இருக்கும், கையில் காசுதான் இருக்காது. சபை நிற்க வேண்டிய இடம் அதுதான். மாதா மாதம் அரிசி, பருப்பு, நோட்டுப் புத்தகம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு.

அப்புறம் அரசு உதவி. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் நகல் என்று பாட்டி தனியாக எத்தனை தடவை அலைவார்? வாலிபர் சங்கத்தில் ஒருவர் பைக்கில் கூட்டிப் போய், ஃபாரத்தையும் நிரப்பிக் கொடுக்கட்டும்.

சொந்தம் யாருமே இல்லையா? குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் தந்தாக வேண்டும், பிள்ளை எங்கே இருப்பது என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். போதகரே நல்லெண்ணத்தில் வீட்டில் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியில்லை. இல்லம் தொடங்குவதென்றாலும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காணிக்கை நோட்டீஸில் பிள்ளையின் படத்தைப் போடாதீர்கள், ஞாயிறு ஆராதனைக்கு வந்தால்தான் அரிசி என்றும் சொல்லாதீர்கள்.