கப்பல் வரும் முன்பே கண்டெய்னர் வாடகையைத் தடுப்பது எப்படி

செங்கோட்டையில் அப்பா நடத்திய மர டிபோவை நான் கவனிக்கத் தொடங்கி 14 வருடம் ஆகிறது. கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் தேக்குத் தடி தூத்துக்குடியில் இறங்கி, திருநெல்வேலி, தென்காசி வழியாக ட்ரெய்லரில் எங்களிடம் வரும். நம்ம பக்கம் புதிதாக இறக்குமதியில் இறங்குகிறவர்கள் கன மீட்டருக்கு 5 டாலர் குறைக்க ஒரு வாரம் பேசுகிறார்கள். கண்டெய்னரின் நாள் கணக்கை மட்டும் கேட்பதே இல்லை. பணம் போவது அங்கேதான்.

கண்டெய்னர் கரையில் இறங்கியதும் ஆட்டோ மீட்டர் மாதிரி பல கட்டண மீட்டர்கள் ஓடத் தொடங்கும். கப்பல் கம்பெனியின் பெட்டியை இலவச நாள் தாண்டித் துறைமுகத்திலோ சி.எஃப்.எஸ்.ஸிலோ (துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர் வைக்கும் சுங்கக் கிடங்கு) வைத்திருந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துக் காலிப் பெட்டியைத் திருப்பித் தரும்வரை டிடென்ஷன். இடத்துக்கான வாடகை தனி. சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்கான சுங்க அறிவிப்பு) தாமதமாகப் போட்டால் முதல் 3 நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000.

ஆகவே சரக்கு ஏற்றும் முன்பே, இலவச நாள் எத்தனை என்று கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். தடிக்கு நான் 14 நாளுக்குக் குறைந்து ஒப்புக்கொள்வதில்லை. அது டெமரேஜ், டிடென்ஷன் இரண்டுக்கும் சேர்த்தா, தனித்தனியா, எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதையும் கேளுங்கள். ஏஜென்ட் போனில் சொன்ன வார்த்தை பில் வரும்போது நிற்காது.

ஒரு தை மாதம் பொங்கலுக்கு 2 நாள் முன்னால் எனக்கு 4 கண்டெய்னர் வந்தது. பைட்டோ சர்டிபிகேட்டில் (ஏற்றுமதி நாடு தரும் தாவர நலச் சான்றிதழ்) பூச்சி மருந்து அடித்த விவரம் எழுதும் இடம் காலியாக இருந்தது. திருத்திய சான்றிதழ் வரும்வரை தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் சரக்கு நகரவில்லை. பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், ஞாயிறு எல்லாமே நாள் கணக்கில் சேர்ந்தன. ஒரு கண்டெய்னரின் லாபம் முழுக்கக் கரைந்தது. அன்றிலிருந்து, கப்பல் கிளம்பும் முன்பே பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ஆவணம்) நகல், இன்வாய்ஸ், பைட்டோ மூன்றையும் ஸ்கேன் செய்து வாங்கி, பெயர், கண்டெய்னர் எண், எடை, மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணி நேரம் என்று வரி வரியாகப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லலாம். இங்கே வந்தபின் ஒவ்வொரு எழுத்துக்கும் டாலர்.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே போடலாம். பொதுவான கெடு, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள். கப்பல் கொழும்பு தாண்டும் முன்பே எங்கள் சி.எச்.ஏ.வுக்கு (சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட்) போன் போட்டு, “அண்ணாச்சி, பில் போட்டாச்சா? டூட்டி எவ்வளவு வருது?” என்று கேட்டுவிடுவேன். டூட்டிப் பணத்தை அன்றே தயாராக வைப்பேன். ஒரிஜினல் பி.எல். வங்கியில் சுற்றிக்கொண்டிருந்தால், சரக்கை எடுக்கக் கப்பல் கம்பெனி தரும் டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) கிடைக்காது; நம்பிக்கையான விற்பனையாளர் என்றால், ஒரிஜினல் காகிதம் இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸ் கேளுங்கள்.

பலர் விட்டுவிடுவது காலிப் பெட்டியை. ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் எங்கள் டிபோ சேறாகிவிடும், கிரேன் உள்ளே வராது, ட்ரெய்லர் இரண்டு நாள் வாசலில் நிற்கும். அதனால் அந்த மாதங்களில் கிரேனும் லோடுமேனும் உறுதியான பிறகுதான் வண்டியை அனுப்பச் சொல்வேன். தடி இறக்கியதும் பட்டை, மண் எல்லாம் கூட்டிப் பெட்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். இல்லையென்றால் சுத்தம் செய்த செலவு, நசுங்கிய செலவு என்று பில் வரும். காலியை ஒப்படைக்க வேண்டியது எந்த யார்டில் என்பதை வண்டி கிளம்பும் முன் போனில் உறுதி செய்யுங்கள். யார்டு நிறைந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள். அந்த மறுப்பை அன்றே மின்னஞ்சலில் கம்பெனிக்கு எழுதிவிட்டால் அந்த நாளுக்கு வாடகையைக் குறைக்கச் சொல்ல ஆதாரம் இருக்கும்.

எவ்வளவு பார்த்தும் சரக்கு மாட்டிக்கொண்டால், காத்திருக்காமல் சுங்க அனுமதியோடு தடியை சி.எஃப்.எஸ். தரையில் இறக்கி, காலியைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட முடியுமா என்று சி.எச்.ஏ.விடம் கேளுங்கள். கம்பெனியின் மீட்டர் அங்கே நிற்கும், தரை வாடகை மட்டும் ஓடும். 30 நாள் தாண்டியும் சரக்கை எடுக்காவிட்டால் நோட்டீஸ் கொடுத்து ஏலம் விடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தள்ளுபடி கேட்பதானாலும் பணம் கட்டும் முன்பே, காரணத்தோடும் தேதியோடும் எழுதிக் கேளுங்கள். யார்டில் காலியை ஒப்படைத்த ரசீதை டிரைவரிடமிருந்து அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வாங்கி, அந்தக் கண்டெய்னர் எண்ணோடு பைலில் சேர்த்துவிடுங்கள்.