ஓ.டி. ப்ரீஃபிங்: 'எல்லாம் ரெடியா?' என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) அன்றைய ஆபரேஷன்களைத் தொடங்கும் முன் எல்லோரும் சேர்ந்து சில நிமிஷம் பேசிக்கொள்வதுதான் ப்ரீஃபிங். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை மாதிரி ஊர்களின் சின்ன மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டர் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருவார். ஓர் ஊரில் கேஸை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு அவர் கார் வந்து நிற்கும்போது நோயாளி டேபிளில் படுத்திருப்பார், சர்ஜன் கை கழுவிக்கொண்டிருப்பார், 'ஆரம்பிக்கலாமா சார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான். அந்த நேரத்தில் ஒரு குறை தெரிந்தால் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. நெகட்டிவ் குரூப் ரத்தம் தேவைப்படலாம், இங்கே இருப்பு இல்லை என்று காலையிலேயே தெரிந்தால் மதுரைக்கு ஆள் அனுப்பலாம். ராமநாதபுரத்திலிருந்து போக மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல். வயிற்றைத் திறந்த பிறகு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் ப்ரீஃபிங் காலையிலேயே நடக்கட்டும். மயக்க மருந்து டாக்டர் நேரில் வர முடியாவிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷம் போதும்.

அடுத்தது, கேட்கிற விதம். 'எல்லாம் ரெடியா?' என்று சர்ஜன் கேட்டால் 'ரெடி சார்' என்பதைத் தவிர வேறு பதில் வராது. சக்‌ஷன் (ரத்தத்தை உறிஞ்சும் குழாய்) சரியாக இழுக்கவில்லை என்பது அசிஸ்டென்டுக்குத் தெரியும், கேட்ட சைஸ் மெஷ் (குடலிறக்கத்துக்கு உள்ளே வைக்கும் வலை) இன்னும் வந்து சேரவில்லை என்பது சிஸ்டருக்குத் தெரியும், ஆனால் பத்துப் பேர் நடுவில் பெரிய டாக்டரிடம் 'இல்லை' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. 'இன்றைக்கு எது இல்லை, எது சரியாக வேலை செய்யவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள், அதுவும் இருப்பதிலேயே ஜூனியரிடமிருந்து ஆரம்பித்து. சர்ஜன் கடைசியில் பேசட்டும். குறையைச் சொன்னவரை அந்த இடத்திலேயே திட்டினீர்கள் என்றால், அப்புறம் ஒரு வருஷத்துக்கு யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

செக்லிஸ்ட் இருக்கிறதே, ப்ரீஃபிங் வேறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியல் மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி வெளியே போவதற்கு முன் என்று மூன்று நேரங்களில், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. ப்ரீஃபிங் என்பது அன்றைய மொத்த ஆபரேஷன் லிஸ்டுக்கானது, அதற்கும் முன்னால் நடக்க வேண்டியது. இங்கிலாந்தில் 2010-லேயே காலையில் ப்ரீஃபிங், கடைசியில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் டீப்ரீஃபிங் என்று இரண்டையும் செக்லிஸ்டின் மூன்று நேரங்களோடு சேர்த்து ஐந்து படிகளாக்கிவிட்டார்கள். ஒன்று இருப்பதால் இன்னொன்றை விட முடியாது. கேஸ் முடிந்தபின் சிஸ்டர் ஒருவரே உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பது இரண்டிலும் சேராது.

பெயர் விஷயத்தில் நம் கடற்கரைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரே லிஸ்டில் இரண்டு முனியசாமி வருவது இங்கே அதிசயமில்லை, சில சமயம் இனிஷியலும் ஒன்றாகவே இருக்கும். ஒருவருக்கு வலது பக்கக் குடலிறக்கம், இன்னொருவருக்கு இடது பக்கம் என்றால் யோசித்துப் பாருங்கள். 'முனியசாமியை அனுப்புங்கள்' என்று வார்டுக்குப் போன் போடாதீர்கள். ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), வயது, ஊர், எந்தப் பக்கம் என்று நான்கையும் ப்ரீஃபிங்கிலேயே உரக்கச் சொல்லி, முடிந்தால் இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் போடாமல் லிஸ்டை மாற்றுங்கள். மாற்றினால் வார்டு வரைக்கும் எல்லோருக்கும் சொல்லுங்கள், போர்டிலும் திருத்துங்கள். பாதிப் பேர் பழைய வரிசையை நம்பிக்கொண்டிருப்பது ப்ரீஃபிங்கே நடக்காததைவிட ஆபத்து.

நோயாளி காதுபட 'அந்த மருந்து ஸ்டாக் இல்லையாமே' என்று பேசுவதையும் விடுங்கள். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட அம்மா முழித்துக்கொண்டுதான் இருப்பார்.

ராத்திரி எமர்ஜென்சிக்கு இதெல்லாம் நடக்குமா என்றால், முழுதாக நடக்காது, சரி. கடலுக்குப் போன இடத்தில் அடிபட்டுக் கரைக்கு வந்தவரை வைத்துக்கொண்டு கூட்டம் போட முடியாதுதான். அப்போதும் அலர்ஜி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ரத்தம், மூச்சுக்குழாய் வைப்பதில் சிரமம் வருமா என்ற நான்கையும் ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே ஒருவர் சத்தமாகக் கேட்டு, உரியவர் சத்தமாகப் பதில் சொல்லிவிடலாம். யார் கேட்பது என்பதை டூட்டி மாறும்போதே முடிவு செய்து வையுங்கள்.