மொட்டைமாடிக் காற்றில் பூஞ்சை பிடிப்பது எப்படி

அமேசான் மழைக்காட்டுக் காற்றை ஆராய 325 மீட்டர் கோபுரம் நட்டிருக்கிறார்கள். வடசென்னைத் தண்டையார்பேட்டைக்கு மொட்டைமாடி போதும்.

பூஞ்சை வளர்க்க 9 செ.மீ. கண்ணாடி பெட்ரி தட்டு (மூடியுள்ள தட்டையான வட்டத் தட்டு) ஏழு, பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் கடைகளில் கிடைக்கும். பிளாஸ்டிக் வேண்டாம், குக்கர் சூடு தாங்காது.

பூஞ்சைக்கு உணவு தயாரிக்க, தோல் சீவிய உருளைக்கிழங்கு 40 கிராமை நறுக்கி, 200 மி.லி. தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சுண்டிய அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) 4 கிராம், அகர் தூள் 4 கிராம் போட்டுக் கரையுங்கள். கடற்பாசி இனிப்புக்கு வாங்கும் சைனா கிராஸும் அகர்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கம் வராது. பாட்டிலில் பாதிக்கு மேல் ஊற்றாமல் பஞ்சடைத்து, காகிதம் சுற்றிய தட்டுகளோடு குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் 20 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பாட்டில் பொங்கிப் பஞ்சு நனையும், பிறகு அது உதவாது.

பாக்டீரியாவைத் தடுக்க, தனியே கொதிக்கவைத்த 10 சதவீத எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, புளிப்பின் அளவு காட்டும் பி.எச். தாளில் 4-க்குக் கொண்டுவாருங்கள். இதை முதலிலேயே போட்டுக் காய்ச்சினால் அகர் உறையாமல் கூழாகிவிடும். பாட்டில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தட்டுக்கு 20 மி.லி. ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும்.

விடியற்காலையில் மூன்று தட்டு, கடற்காற்று திரும்பிய பிற்பகலில் மூன்று தட்டு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் 15 நிமிடம் திறந்து வைத்து மூடி, டேப் ஒட்டி, கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஏழாவதைத் திறக்கவே கூடாது. அதிலும் பூஞ்சை வந்தால் மொத்தமும் வீண். எண்ணூர், மணலிப் பக்கத்துக் கரித்துகள் பூஞ்சைப் புள்ளி போலவே தெரியும். அன்றே தட்டின் அடியில் பேனாவால் குறித்துவிடுங்கள், வளராதது கரி.

மூன்றாம் நாள் எண்ணுங்கள். வெள்ளை வெல்வெட்டில் மிளகுத்தூள் தூவினாற்போல் இருந்தால் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். கரும்பச்சை வெல்வெட் என்றால் கிளாடோஸ்போரியம். காய்ந்த பகல் காற்றில் இது மிகுதி. ரைசோபஸ் என்ற பூஞ்சை விழுந்த தட்டு இரண்டே நாளில் பஞ்சு மூட்டையாகி மூடியைத் தொடும், அதில் எண்ண எதுவும் மிஞ்சாது.

மழைக்காட்டுக் காற்றில் நிறைந்திருக்கும் காளான் வித்துகளில் பெரும்பாலானவை இந்த உருளைக்கிழங்கு உணவில் முளைக்காது. அவற்றைப் பார்க்க வாஸ்லின் தடவிய கண்ணாடிச் சில்லும் மைக்ராஸ்கோப்பும் வேண்டும்.

முளைத்த தட்டைத் திறக்காதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டேயே போக வேண்டாம். மூடியோடு குக்கரில் 30 நிமிடம் வேகவைத்த பிறகே கழுவுங்கள். அந்தக் குக்கர் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது.